கிருமி முளைத்த தட்டு செல்லாது

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று இடது கையை உயர்த்திச் சத்தியம் செய்கிறேன். சத்தியத்துக்கு வலது கைதானே முறை என்று சட்டம் பேசுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். உண்மைக்கு வலம் என்ன, இடம் என்ன. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று இதைக் கணினியில் ஏற்றித் தந்த பெண் முகத்தைச் சுளித்தாள். வயசானவன் எழுத்தும்மா, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மீன் மார்க்கெட்டின் கடைசி வரிசையில் ஒரு வளர்ப்பு மீன் கடை. கணவன் மனைவி இரண்டே பேர். தராசுக்கும் ஐஸ் பெட்டிக்கும் மனைவி பொறுப்பு. கணவர் வெட்டுகிறவர். வலது கையில் கத்தி, இடது கையில் மீன், எதிரில் நடுவே குழிந்துபோன மரக்கட்டை. யார் வந்து நின்றாலும் தலை நிமிராமல் "ஒரு நிமிஷம்" என்பார். செதில் சீவி, செவுள் பிடுங்கி, குடல் எடுத்து, துண்டு போட்டு, அலசிப் பையில் நீட்டுவதற்கு மெய்யாகவே ஒரு நிமிஷம்தான் ஆகும். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பந்தயம் கட்டித் தோற்றவர்கள் உண்டு. அதனால் மார்க்கெட்டில் அவருக்கு நிமிஷம் என்றே பெயர். சொந்தப் பெயரை மனைவியே மறந்துவிட்டதாகப் பேச்சு.

ஒரு நாள் காலை, தொட்டிக்குள் வலது கையை விட்டு மீனை வாரும்போது முதுகு முள் ஒன்று கட்டைவிரலின் அடிச்சதையில் ஏறிவிட்டது.

"சாகப் போற நேரத்துலயும் அதுக்கு ரோஷத்தைப் பாரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கையை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து, பழைய துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தார். முள் குத்தாத நாள் ஏது. தவிர, பயப்பட ஒரு காரணமும் இல்லை. மீன் வந்த பெட்டியில் மீன் நற்சான்று ஆணையத்தின் நீல நாடா கட்டியிருந்தது. நாடாவில் 'கிருமியற்றது' என்ற எழுத்து, பக்கத்தில் சிரிக்கிற மீன் ஒன்றின் படம்.

நாலாம் நாள் அந்தக் கை, ஊதிவிட்ட ரப்பர் கையுறை போல ஆயிற்று. ஆறாம் நாள் சிவப்பு மணிக்கட்டைத் தாண்டி மேலே நடந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து ஏற்றினார்கள், கிருமி கண்டுகொள்ளவில்லை. அதைவிட வீரியமான மருந்து ஏற்றினார்கள். கிருமிக்குப் பசி எடுத்தது. மூன்றாவது மருந்து நிமிஷத்துக்கு வாந்தியைக் கொடுத்தது. கிருமிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

டாக்டர் தூக்கம் கெட்ட கண்களுடன் ஒரு சின்னப் பெண். நிமிஷத்தின் கையில், சிவப்பு முடிகிற இடத்தில், பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

"பெரியவரே, கேட்டுக்குங்க. இது மீன் குளத்துக் கிருமி. வழக்கமான மருந்தெல்லாம் இதுக்குப் பழகிப்போச்சு. ஏதோ ஒரு மருந்துக்குத்தான் சாகும். எதுன்னு தெரியணும்."

"உங்க ஆஸ்பத்திரியில பாக்க முடியாதாம்மா?"

"பாத்தோம். மூணு மருந்து ஏறின பிறகு எடுத்த சீழ். எங்க தட்டுல ஒண்ணும் முளைக்கல. உங்க கையிலதான் நல்லா முளைக்குது. அந்தக் குளத்து மீனை நற்சான்று ஆணையம் மாசாமாசம் சோதிக்குது. எதுக்குச் சாகுதுன்னு அவங்க தாள்ல இருக்கும். அதை வாங்கிட்டு வாங்க, சரியான மருந்தை ஏத்திடலாம். கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணா ஏத்தினா உங்க கிட்னி தாங்காது."

"எப்போக்குள்ள?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதுக்கு மேல போனா கையை விட்டுட்டு உங்களைக் காப்பாத்தற மாதிரி ஆகும்."

"எந்தக் கையை?" என்று மனைவி கேட்டாள், கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டு.

அன்று திங்கட்கிழமை. இருவரும் நேராக ஆணையத்துக்குப் போனார்கள். ஆறு மாடிக் கட்டடம். மாடிக்கு மாடி ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் பிளாஸ்டிக் மீன்கள். உயிருள்ள மீன் அலுவலகத் தூய்மையைக் கெடுக்கும் என்று சுற்றறிக்கை இருக்கிறதாம். தரைத்தளத்தில் விண்ணப்ப எழுத்தர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினார்.

"விண்ணப்பதாரர் வகை. வளர்ப்பவர், ஏற்றுமதியாளர், மீன். மூணுல எது?"

"நான் மீன் வெட்டறவன் சார்."

"வெட்டறவருக்குக் கட்டம் இல்லையே. மீன் வளக்கறீங்களா?"

"இல்ல சார்."

"வெளிநாட்டுக்கு அனுப்பறீங்களா?"

"அடுத்த தெரு வரைக்கும் போகும் சார்."

"அப்போ மீன்தான்" என்று எழுத்தர் டிக் அடித்தார். "சங்கடப்படாதீங்க, சும்மா வகைக்குத்தான். சாப்பிடறவங்களுக்கும் ஒரு கட்டம் வைக்கலாமான்னு கோப்பு ஒண்ணு ஓடிட்டிருக்கு. மீன் விஷயத்துல சாப்பிடறவங்க சம்பந்தப்பட்ட ஆளுங்கதானான்னு சட்டப் பிரிவு பாத்துட்டிருக்கு."

"முப்பத்தாறு வருஷமா இவரோட குடும்பம் நடத்தறேன்" என்றாள் மனைவி. "மீனுன்னு யாரும் எனக்குச் சொல்லல."

படிவத்தின் அடியில் வலது கட்டைவிரல் ரேகைக்கு ஒரு கட்டம் இருந்தது. மற்ற வகையினர் கையெழுத்துப் போட்டால் போதும். மீன் கையெழுத்துப் போடாது என்பதால் அந்த வகைக்கு மட்டும் ரேகை கட்டாயம். நிமிஷம் கட்டை அவிழ்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு விரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தார். எழுத்தர் ரேகையைக் குனிந்து பார்த்தார்.

"கட்டத்துக்கு வெளிய போயிடுச்சே. செல்லாது."

"வீங்கியிருக்கு சார்."

"வடிஞ்ச பிறகு வாங்க."

"வடியறதுக்குத்தான் சார் அந்தத் தாளைக் கேக்கறோம்."

"அது உங்க சொந்தப் பிரச்சினை. கட்டம் எல்லாருக்கும் ஒரே கட்டம்தான்."

மறுநாள் மனைவி எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடைக்குப் போய், கட்டத்துக்குள் கட்டைவிரல் அடங்கும்வரை படிவத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தாள். செய்தித்தாளை விரித்த அளவுக்கு வந்திருந்தது. எழுத்தர் அளவுகோல் வைத்து நாலு ஓரத்தையும் அளந்து பார்த்தார். ஓரங்களும் அதே விகிதத்தில் பெரிதாகியிருந்ததில் அவருக்குப் பரம திருப்தி. "இப்படி விவரமானவங்க வந்தாத்தான் எங்களுக்கும் வேலை சுலபம்" என்று பாராட்டி முத்திரை குத்தினார்.

இதற்குள் சிவப்பு டாக்டர் போட்ட கோட்டைத் தாண்டிவிட்டது. கடைப் பலகையில் விலை எழுதுகிற பேனாவை எடுத்து மனைவி புதிய கோடு ஒன்று போட்டாள். முழங்கைக்கு இன்னும் நாலு விரல் தூரம் பாக்கி இருந்தது.

புதன்கிழமை நாலாவது மாடியில், மாதிரிப் பிரிவு அலுவலர் அவர்களை உட்காரவைத்து மரியாதையாகப் பேசினார். சுவரில் பதினோரு சான்றிதழ்கள் சட்டம் போட்டுத் தொங்கின.

"ஆண்டுக்கு ஒண்ணு. எல்லாத்துலயும் ஒரே முடிவு. நூத்துக்கு நூறு சுத்தம். பதினோரு வருஷமா இந்த ஆய்வகத்துல ஒரு கிருமி தலை காட்டினதில்ல."

"எப்படி சார் பாக்கறீங்க?" என்று நிமிஷம் கேட்டார்.

"மீனோட ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தட்டுல தடவி, இளஞ்சூட்டுல வைப்போம். ஒண்ணும் முளைக்கலன்னா மீன் சுத்தம்."

"முளைச்சா?"

"முளைச்சா அது கெட்டுப்போன தட்டு. விதி பதினாலு, கிருமி முளைத்த தட்டு செல்லாது. அதைக் கொட்டிட்டு வேற தட்டு எடுப்போம்."

"அதுலயும் முளைச்சா?"

"அதுவும் கெட்ட தட்டு."

"எதுவரைக்கும் சார்?"

"முளைக்காத தட்டு கிடைக்கற வரைக்கும்" என்றார் அலுவலர், மார்பு நிமிர. "பாதியில விடற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. போன மாசம் ஒரே ஒரு மீனுக்கு இருநூத்துப் பதினோரு தட்டு ஆச்சு. கடைசித் தட்டுல மீனைத் தடவாமலே வச்சுப் பாத்தோம். அருமையா வந்துது."

செத்த கிருமி எந்த மருந்துக்குச் செத்தது என்ற தாளைக் கேட்டதற்கு, கிருமியே இல்லாதபோது அது சாவது எப்படி என்று அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். தலைவரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

வெளியே வராந்தாக் குழாயடியில் ஆய்வகத்து அம்மா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கியுள்ள அம்மா. நிமிஷத்தின் கையைப் பார்த்ததும் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்து, சத்தத்துக்குள் பேசினாள்.

"எந்த மீன் குத்துச்சு?"

"நீல நாடா மீன்" என்றாள் மனைவி.

"எங்க மீன்தான். பின்பக்கம் மாதிரிக் குளம் இருக்கு பாத்தீங்களா, அங்க வளந்தது. பதினோரு வருஷமா முளைச்ச தட்டு எல்லாத்தையும் அதுலதான் கொட்டறோம். மீனுக்குச் சீக்கு வந்துடக் கூடாதுன்னு தினம் தீனியில மருந்து கலக்கறாங்க. மருந்துக்குச் சாகற கிருமி செத்துடும். சாகாதது மட்டும் மிஞ்சும். மிஞ்சினது குட்டி போடும். இப்போ அதுக்கு மருந்து பால் மாதிரி."

"ஐயோ, அந்த மீனைத்தானேக்கா ஊரே தின்னுது."

"நல்லா வேக வச்சா செத்துடும். வெட்டற கையை யாரு வேக வைக்கறது?"

நிமிஷம் கையில் மனைவி போட்ட கோட்டைக் காட்டினார். பிறகு, "ரெண்டு நாள்தான் இருக்கு அக்கா" என்றார்.

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கே அந்தக் குளத்துத் தண்ணியைத் தடவி ஒரு தட்டு வைக்கறேன். பன்னெண்டு காகிதப் பொட்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு மருந்து தோய்ச்சது. எந்தப் பொட்டுப் பக்கத்துல கிருமி அண்டலையோ, அதுதான் உங்க மருந்து. முளைச்சு வர வெள்ளிக்கிழமை ஆகும். பகல் ரெண்டு மணிக்கு இதே குழாய்க்கு வாங்க. மருந்துப் பேரைச் சீட்டுல எழுதித் தர்றேன். அதுவரைக்கும் தட்டை யாரும் கொட்டாம இருக்கணும்."

வியாழக்கிழமை தலைவரைப் பார்க்கக் கீழ்த்தள அரங்குக்குப் போக வேண்டியிருந்தது. கிருமியற்ற பதினோராம் ஆண்டு விழா நடந்துகொண்டிருந்தது. கணவனும் மனைவியும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

"நண்பர்களே, கிருமி இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இல்லை என்று சொல்லத்தான் ஓர் ஆணையம் வேண்டும். பதினோரு ஆண்டுகளில் நாங்கள் ஒரு கிருமியைக்கூடக் கண்டதில்லை. கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக எங்கள் ஊழியர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். மீனால் மனிதருக்கு நோய் வருகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். மனிதர்கள் எங்கள் அதிகார வரம்பில் இல்லை. மீன்கள் இருக்கின்றன. இன்றுவரை ஒரு மீன்கூட எங்களிடம் புகார் கொடுத்ததில்லை."

கைதட்டல் எழுந்தபோது விண்ணப்ப எழுத்தர் செய்தித்தாள் அளவுக் காகிதம் ஒன்றுடன் மேடையேறி, தலைவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் முகம் மாறியது. காகிதத்தை இரண்டு கையாலும் விரித்துப் படித்தார்.

"ஒரு திருத்தம்" என்றார். "ஒரு மீன் புகார் கொடுத்திருக்கிறது. மேலே வரவும்."

நிமிஷம் மேலே போனார். பின்னாலேயே மனைவியும் போனாள். மீனுடன் யார் வந்திருப்பது என்று தலைவர் கேட்டார். "கட்டிக்கிட்டவ" என்றாள். எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார்.

மாதிரிப் பிரிவு அலுவலர் ஒரு கண்ணாடித் தட்டை எடுத்து வந்து, வீங்கிய கையின் மேல் பிடித்து, உடனே விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வைத்த மறுகணமே எதுவும் முளைத்துவிடாது என்பது நமக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். "சுத்தம்" என்றார்.

நிமிஷம் ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்தார். "ஐயா, சான்றிதழெல்லாம் வேண்டாங்க. இது எந்த மருந்துக்குச் சாகும்னு மட்டும் சொல்லிடுங்க. நாளைக்குச் சாயங்காலம் கையை எடுக்கப் போறாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது."

"பெரியவரே" என்றார் தலைவர், தோளைத் தட்டி. "இல்லாத ஒன்றுக்கு மருந்து சொல்வது விஞ்ஞானம் ஆகாது. அப்படியே இருந்தாலும் அது எங்களுடையது அல்ல. ஒருவேளை எங்களுடையதே என்றாலும், எந்த மருந்துக்கும் அசையாத ஒன்றை ஓர் அரசு நிறுவனம் வளர்த்திருக்கிறது என்றால் அது சாதாரண சாதனையா, சொல்லுங்கள்."

பிறகு நீல நாடா வந்தது. தலைவர் தம் கையாலேயே அதை நிமிஷத்தின் மணிக்கட்டில் சுற்றி, பெட்டிக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு இறுக்கினார். சிரிக்கிற மீன் மேலே தெரிந்தது. முடிச்சு சதைக்குள் போய்விட்டது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. புகைப்படக்காரர், வலியால் திறந்த நிமிஷத்தின் வாயைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டு, "அப்படியே இருங்க" என்றார்.

இறங்குவதற்கு முன் தலைவர் இன்னோர் அறிவிப்பும் செய்தார். இப்படிப்பட்ட ஐயங்களுக்கு இனி இடம் தரக்கூடாது. ஆகவே எல்லாத் தட்டுகளையும் முளைக்கும் முன்பே, தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கொட்டிவிட வேண்டும். ஆணை இன்றே எழுத்தில் போகும். நாளை முதல் அமல்.

பஸ்ஸில் வரும்போது மனைவி பல்லால் கடித்து நாடாவை அறுத்தாள். ஜன்னல் வழியாக எறியப் போனவள் என்ன நினைத்தாளோ, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்தாள். புதிய கோடு முழங்கைக்கு ஒரு விரல் கீழே விழுந்தது.

"ஏங்க, பன்னெண்டு மணிக்குக் கொட்டிட்டா ரெண்டு மணிக்கு என்ன இருக்கும்?"

"அந்தக் கட்டடத்துல ஒரு காயிதம் மாடியேறி நான் பாத்ததில்ல" என்றார் நிமிஷம். "நாலு மாடி ஏறணும். மூணு வாரமாவது ஆகும். பேசாம இரு."

அவர் சொன்னபடியேதான் நடந்தது. இந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் வரலாம். மேலே சொன்ன அத்தனையையும் நம்பினவர்கள் இதை மட்டும் நம்பாமல் போவது நியாயமாகாது.

ஆணையை எழுதினார்கள். உறையில் போட்டார்கள். விண்ணப்ப எழுத்தர் அதை, தவறுதலாக, மீன் வகைக் கோப்பில் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி வந்து போயிற்று. தட்டை யாரும் தொடவில்லை. இரண்டு மணிக்குக் குழாயடியில் ஆய்வகத்து அம்மா காத்திருந்தாள். பதினோரு பொட்டை ஒட்டிக் கிருமி கூட்டமாக உட்கார்ந்திருந்தது. ஒன்பதாம் பொட்டைச் சுற்றி மட்டும் மோதிரம் போல ஒரு வெற்றிடம். சீட்டில் மருந்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதித் தந்தாள். வாசலில் சோதனை போடுகிற காவலாளிக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. பஸ் உடனே வந்தது. உட்கார இடமும் கிடைத்தது.

டாக்டர் சீட்டைப் பார்த்து, "இது நம்மகிட்டயே இருக்கே" என்றாள். அலமாரியில் முதல் தட்டில், கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. ஏற்றினார்கள். மறுநாள் சிவப்பு ஒரு கோடு இறங்கியது. அதற்கு மறுநாள் இன்னொன்று. மனைவி தேங்காய் எண்ணெயும் பஞ்சும் வைத்துக்கொண்டு தான் போட்ட கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியில் டாக்டர் போட்ட கோடு மட்டும் மிச்சம் இருந்தது. அதை டாக்டரே வந்து அழித்தாள். சிரித்தாளாம்.

விதி பதினாலை நீக்கிவிட்டார்கள். மாதிரிக் குளத்தை வற்றவைத்துச் சுண்ணாம்பு கொட்டினார்கள். ஆய்வகத்து அம்மா இப்போது மாதிரிப் பிரிவு அலுவலர். தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கே வந்து, வரிசையில் நின்று, மன்னிப்புக் கேட்டு, ஒரு மீனும் வாங்கினார். நிமிஷம் தலை நிமிராமல் "ஒரு நிமிஷம்" என்றார். சீவி, பிடுங்கி, துண்டு போட்டு, அலசி நீட்டினார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மெய்யாகவே ஒரு நிமிஷம்தான்.

அந்த மார்க்கெட்டில் நிமிஷம் என்று பெயர் இருந்தது எனக்குத்தான். இந்த நாலு பக்கத்தை இடது கையால் எழுதி முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.